பதில் ஆள்

செலஸ்ரீனா விழுந்தது ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகிற நேரம். இத்தாலியில், பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் அவர்கள் இருக்கிற வீட்டின் படிகள் பழைய கல். மிதிபட்டு நடுவில் குழிந்தவை. மழை நீர் தேங்கியிருந்தது. வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது.

ஆசுபத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, அவள் துப்புரவு செய்கிற கொலெஜோவுக்கு, கல்லூரிக்கு, ஒரு மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தக் கடதாசியை மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். பிறகு பவளராணிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"பவளம், நாளைக்கு விடிய என்ர கொலெஜோவுக்குப் போவியோ?"

"போறன் அக்கா. ஏன்?"

"கை முறிஞ்சிட்டுது."

"ஐயோ, எந்தக் கை?"

"வலக்கை. அதை விடு. வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போ. வாசல்ல ஒரு பெட்டி இருக்கும். அதில காட்டினால் கதவு திறக்கும். மூண்டாம் மாடி முழுக்க என்ர. ஆக்கள் வாறதுக்கு முன்னம் முடிச்சுப்போட்டு வந்திடு. ஒருத்தரோடையும் கதைக்காதை."

"ஓம் அக்கா. நீங்கள் படுங்கோ."

பலெர்மோவில் இது வழக்கம். ஊருக்குப் போகிறவர்கள், பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்கள், காய்ச்சலில் கிடக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் வேலையில் ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போவார்கள். சிஞ்ஞோரா என்கிற எசமானியின் வீட்டை ஆளில்லாமல் விட்டால் அந்த வீடு போய்விடும். மகள் யூலியானா பிறந்தபோது செலஸ்ரீனா மூன்று கிழமை ஆள் விடாமல் இருந்தாள். திரும்பிப் போன அன்று கதவைத் திறந்தது வேறொரு பெண். அவள் அணிந்திருந்தது செலஸ்ரீனாவின் ஏப்ரன். அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட ஒரு வேலையையும் ஆளில்லாமல் விட்டதில்லை. ஊரில், பேசாலையில், தாய் செத்தபோதும் ஆள் விட்டுத்தான் போனாள்.

ஆனால் கல்லூரி சிஞ்ஞோராவின் வீடு அல்ல. அங்கே அவளுக்குக் கொன்றாத்தோ, எழுத்து ஒப்பந்தம், இருந்தது. ஆறு வருடமாக இருந்தது.

பவளராணி முல்லைத்தீவுப் பக்கம். சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு வந்தவள். நல்ல வேலைக்காரி. பலெர்மோவில் இத்தாலி பேசக் கற்றுக்கொண்டாள். வாசிக்க வராது. திங்கள், செவ்வாய், புதன் ஒரு பிழையும் இல்லாமல் போயின. வியாழக்கிழமை ஒரு வகுப்பறையில் பேராசிரியை ஒருத்தி கரும்பலகை நிறையக் கணக்கு எழுதி, மூலையில் 'துடைக்க வேண்டாம்' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பவளராணி ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்தாள். சோக்கு வைக்கிற தட்டையும் கழற்றிக் கழுவி வைத்தாள்.

பேராசிரியை வாசற்காரனிடம் வந்து கத்தினாள். வாசற்காரன், செலஸ்ரீனா அப்படிச் செய்யமாட்டாள் என்றான். அவளுக்காகப் பரிந்துதான் சொன்னான். அதை நிரூபிக்கக் கமெராவைப் பார்த்தான். செலஸ்ரீனாவின் அட்டையோடு வேறொரு பெண் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

*

சனிக்கிழமை பின்னேரம் றமேஸ் பகேரியாவிலிருந்து றெயினில் வந்தான். செலஸ்ரீனாவின் புருசன் யோசேப்பின் தம்பி. ஒரு நொத்தாரிசின், பத்திரம் எழுதுகிற வழக்கறிஞரின், வீட்டில் வேலை. நல்ல இத்தாலி பேசுவான். ஆருக்குக் கடிதம் வந்தாலும் அவனிடம்தான் போகும்.

யோசேப் சமைத்துக்கொண்டிருந்தான். பல்லாரோ சந்தையில் வாங்கிய சாளை மீன், தேங்காய்ப்பால் விட்டு. அவன் வேலை செய்கிற சியாகுல்லித் தோட்டத்தில் அன்று வேலை நடக்கவில்லை. மழையில் நனைந்த மந்தரீன் தோடம்பழத்தை ஆய்ந்தால் பெட்டிக்குள் அழுகிவிடும். மரம் காயும்வரை ஆட்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மாசி கடைசி. பிந்திய மந்தரீன் முடிகிற காலம். இன்னும் ஒரு மாதம் வேலை இருக்கும், மழை விட்டால்.

பவளராணி கதவோரம் நின்றாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"நான் உங்கட நிர்வாகி தொத்தோரெஸ்ஸாவோட கதைச்சனான் அண்ணி," என்றான் றமேஸ். "கூடாத மனுசி இல்லை. நீங்களா விலகுறன் எண்டு எழுதிக் குடுத்தால் இதைப் பெருசாக்கமாட்டினமாம். நல்ல கடிதமும் தருவினமாம். உங்களைப்பற்றி, ஆறு வருசம் வடிவா வேலை செய்தவ எண்டு. அதோட போனால் எந்தச் சிஞ்ஞோராவும் எடுப்பா."

"பிள்ளை?"

"பிள்ளைக்கு வேற வழி பாப்பம்."

"என்ன வழி?"

றமேஸ் பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான்.

"சொல்லு தம்பி. என்ன வழி?"

அவன் இன்னொரு துண்டு பிய்த்தான்.

யூலியானா வெரோனாவில் பிசியோதெரபி படித்தாள். இரண்டாம் வருடம். கல்லூரியில் நாலு வருடம் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. கேட்கிற படிப்பு அங்கே இல்லாவிட்டால் கூட்டுச் சேர்ந்திருக்கிற வேறு கல்லூரிக்குப் போகலாம். அங்கேயும் கட்டணம் இல்லை. பதிலுக்கு அந்தக் கல்லூரி வேலையாள் ஒருவரின் பிள்ளை இங்கே வரும். பிள்ளைக்குப் பிள்ளை. வெரோனாக் கல்லூரியின் தோட்டக்காரர் மகன் பலெர்மோவில் சட்டம் படித்தான். அவனுடைய வகுப்பு மூன்றாம் மாடியில், சன்னலோர மேசை. செலஸ்ரீனா அவனை நேரில் கண்டதில்லை. வாசற்காரன்தான் மேசையைக் காட்டினான். அந்த மேசையை அவள் எப்போதும் இரண்டு தரம் துடைப்பாள்.

தாய் வேலையில் இருக்கும்வரைதான் பிள்ளைக்கு அந்த இடம். ஒவ்வொரு வருடமும் பலெர்மோவிலிருந்து வெரோனாவுக்கு எழுதுவார்கள், ஆள் இன்னும் இஞ்சைதான் வேலை என்று.

"துரத்தினால் என்ன செய்வியள் அண்ணி? உள்ள பேரும் போயிடும். எங்கட சனம் கதைக்கும். கள்ள அட்டை குடுத்தவ எண்டு."

"நான் எழுதிக் குடுத்தாலும் பிள்ளையின்ர படிப்பு நிக்கும். அவை துரத்தினாலும் நிக்கும். பிறகென்னத்துக்கு நான் என்ர கையால எழுதுறது?"

"அவளுக்கு எழுதவும் ஏலாது," என்றான் யோசேப் அடுப்படியிலிருந்து. "கை கட்டுக்குள்ள கிடக்கு."

பவளராணி வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"நான் வந்து சொல்லுறன் அக்கா. நான்தான் துடைச்சனான் எண்டு."

"உன்ர பெர்மெசோ எங்கை?" என்றான் றமேஸ். நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டையைக் கேட்டான்.

"பொலிசில, குவெஸ்தூராவில கிடக்கு. புதுப்பிக்கக் குடுத்தது."

"அது வரும்வரைக்கும் நீ வாயைத் திறக்காதை. கொன்றாத்தோ இல்லாமல் வேலை செய்தனான் எண்டு நீயே போய்ச் சொல்லப்போறியோ? விசரே உனக்கு?"

"அக்கா எனக்காகப் போய் நிக்கிறதோ?"

"உனக்காக இல்லையடி," என்றாள் செலஸ்ரீனா. "அனுப்பினது நான். நீ சும்மா இரு." பிறகு கேட்டாள்: "சோக்குத் தட்டையும் கழுவினியாம்?"

"ஊத்தையாக் கிடந்தது அக்கா."

"ஆறு வருசம் நான் அதைக் கழுவேல்லை. இனி ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த வேலையும் வந்திட்டுது, உன்னால."

றமேசும் சிரித்தான். யோசேப் பவளராணியின் கையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் கொடுத்து, மீன் போட்டு, கதிரையைக் காலால் தள்ளிவிட்டான். அவள் அப்போதுதான் இருந்தாள்.

போகும்போது றமேஸ் வாசலில் நின்று சொன்னான். "நான் உங்களுக்குக் கூடாததைச் சொல்லேல்லை அண்ணி."

"எனக்குத் தெரியும் தம்பி. ஆனால் நீ செவ்வாய்க்கிழமை வரவேண்டாம். நீ வந்தால் எனக்காக நீ கதைப்பாய்."

*

யூலியானா ஒவ்வொரு பின்னேரமும் வீடியோவில் வருவாள். கட்டுக்கு வெளியே நிற்கிற விரல்களை அசைக்கச் சொல்லிக் கொடுப்பாள். விரல் விறைத்துவிடக்கூடாது.

"அம்மா, பெருவிரலால மற்ற விரலை ஒவ்வொண்டாத் தொடுங்கோ. பியானோ, பியானோ, மெல்ல மெல்ல. அவசரப்படாதேங்கோ."

செலஸ்ரீனா தொட்டாள். சின்னவிரல் எட்டவில்லை.

"நாளைக்கு எட்டும். அம்மா, சித்தப்பா எனக்கு எல்லாம் சொன்னவர்."

"அவன்ர வாய்."

"நான் அங்கை வாறன். ஒரு வருசம் பார்ல வேலை செய்யிறன். பேந்து பாக்கலாம். பஸ்தா, அவ்வளவுதான். எனக்குப் பிரச்சினை இல்லை."

"ஆர் உன்னைக் கேட்டது?"

"அம்மா—"

"தோட்டக்காரற்ற மகன் இஞ்சை இருந்து படிக்கிறான். நீ அங்கை இருந்து படி. அவனை ஆரும் திரும்பிப் போகச் சொன்னவையோ?"

"இல்லை."

"அவன் போனால் நீ வா. இப்ப மற்ற உடற்பயிற்சியைச் சொல்லு."

யூலியானா கையைக் கமெராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, முட்டியை மடக்கிக் காட்டினாள்.

*

திங்கட்கிழமை கிளறா வந்தாள். கல்லூரியில் இரண்டாம் மாடி அவளுடையது. பலெர்மோக்காரி, பருத்த பெண். படியேறி வந்து மூச்சு வாங்கினாள். அந்தப் படியைத் திட்டினாள். அதைக் கட்டியவனைத் திட்டினாள். பிறகு மேசையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் மலத்தியா எடுக்கவில்லை?"

மலத்தியா என்றால் சம்பளத்தோடு சுகயீன விடுமுறை.

"உனக்குக் கை முறிந்திருக்கிறது. டொக்டர் ஒரு கடதாசி அனுப்பியிருந்தால் நீ வீட்டில் கிடந்திருக்கலாம். சம்பளமும் வந்திருக்கும். ஆறு வருடமாக இருக்கிறாய். தெரியாதா?"

தெரியும். அந்தச் சொல்லைச் சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறாள். வேறு ஆட்கள் எடுத்ததையும் பார்த்திருக்கிறாள். கிளறாவே போன வருடம் முதுகு நோவென்று இரண்டு கிழமை எடுத்தாள். அது கிளறாவுக்கு உரியது என்று நினைத்திருந்தாள். தனக்கும் உரியது என்று ஒருபோதும் தோன்றவில்லை.

"நான் வராவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன்."

"வேறு ஆளை நீதானே பிடித்தாய்," என்றாள் கிளறா.

யோசேப் கோப்பி கொண்டுவந்து வைத்தான். கிளறா மூன்று கரண்டி சீனி போட்டாள். தொழிற்சங்க ஆளாக ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்றாள். தான் வருவதாகச் சொன்னாள்.

"ஒன்றும் எழுதிக் கொடுக்காதே. கையெழுத்தும் போடாதே. ஆசுபத்திரிக் கடதாசி எங்கே?"

செலஸ்ரீனா மாதா படத்தைத் தூக்கி அதை எடுத்தாள்.

கிளறா பார்த்துவிட்டு யோசேப்பைப் பார்த்தாள். "மாதாவுக்கு மலத்தியா எழுதிக் கொடுத்திருக்கிறாள்," என்றாள். "மாதா ஒரு நாளும் எடுக்காத ஆள்."

இரண்டு பேரும் டொக்டரிடம் நடந்து போனார்கள். சந்தை கலைந்து கொண்டிருந்தது. தரையில் முட்டைக்கோவா இலையும் மீன் தண்ணீரும். கிளறா செலஸ்ரீனாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், வழுக்கும் என்று. டொக்டர் கடதாசியைப் பார்த்து, கணினியில் தட்டி, மிச்ச நாட்களுக்கான சான்றிதழை அனுப்பினார். போன நாட்களுக்குத் தன்னால் அனுப்ப முடியாது என்றார்.

இரவுச் சாப்பாட்டில் யோசேப் கேட்டான். "நானும் வரட்டோ?"

"நீங்கள் வந்தால் அழுவியள்."

"ஓம்," என்றான் யோசேப். "அழுவன்."

மரம் காய்ந்துவிட்டது. அவன் விடியவே சியாகுல்லிக்குப் போனான்.

*

நிர்வாகியின் அறை முதலாம் மாடி. மேசைக்குப் பின்னால் தொத்தோரெஸ்ஸா. பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு இளைஞன். செலஸ்ரீனா பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்ட நினைத்து, ஒற்றைக் கையால் முடியாமல், கறுப்புப் பாவாடையும் குளிர் கோட்டும் போட்டிருந்தாள். கோட்டின் ஒரு கை வெறுமனே தொங்கியது.

"கை எப்படி இருக்கிறது?" என்று தொத்தோரெஸ்ஸா கேட்டாள்.

"பரவாயில்லை."

"நான் உங்களை ஆறு வருடமாகப் பார்க்கிறேன். எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வராமல் இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டில் கிடந்திருக்கலாம். வேலை நடக்காவிட்டால் அது எங்கள் பாடு. நீங்கள் ஒரு ஆளை அனுப்பினீர்கள். உங்கள் அட்டையோடு. அந்தப் பெண் படியில் விழுந்திருந்தால்? உங்களைப்போல் கையை முறித்திருந்தால்? நான் ஆருக்கு என்ன சொல்வது?"

செலஸ்ரீனா அதை யோசித்திருக்கவில்லை. பவளராணி மூன்றாம் மாடிப் படியில், ஈரத்தில், வாளியோடு விழுந்து கிடப்பது கண்முன்னே வந்தது. ஆசுபத்திரியில் அவள் எந்தப் பெயரைச் சொல்லியிருப்பாள்?

"பிழை," என்றாள். "அது பிழைதான். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது."

"வந்தது யார்?"

"என் வீட்டு ஆள்."

"பெயர்?"

"என் வீட்டு ஆள்."

"சிஞ்ஞோரா செலஸ்ரீனா, பெயர் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கும்."

"அனுப்பியது நான். அவள் நான் சொன்னதைச் செய்தாள். பெயர் வேண்டுமென்றால் என்னுடையதை எழுதுங்கள்."

இளைஞன் எழுதுவதை நிறுத்தி நிர்வாகியைப் பார்த்தான். கிளறா மேசையில் ஆசுபத்திரிக் கடதாசியை வைத்து, திகதியை விரலால் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து இவள் வேலைக்கு வரத் தேவையில்லாத ஆள் என்றாள். இவள் எதையும் திருடவில்லை. இல்லாத வேலைக்குச் சம்பளம் கேட்கவில்லை. மூன்றாம் மாடி அந்த நாலு நாளும் பளிச்சென்று இருந்தது, நான் பார்த்தேன் என்றாள்.

"அளவுக்கு மீறிப் பளிச்சென்று," என்றாள் தொத்தோரெஸ்ஸா. அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். ஒரு தாளை மேசையில் இந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். விலகல் கடிதம். ஏற்கெனவே அடித்திருந்தது. கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

"இது உங்களுக்கு நல்லது. யோசித்துத்தான் சொல்கிறேன். இடது கையால் போட்டாலும் காணும்."

செலஸ்ரீனா தாளைப் பார்த்தாள். தொடவில்லை.

"என் மகள் உங்கள் கல்லூரியால் வெரோனாவில் படிக்கிறாள். அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அங்கேயிருந்து வந்த பிள்ளை மூன்றாம் மாடியில் படிக்கிறான். சன்னலோரம். அவன் தகப்பனும் எங்கேயாவது ஒரு பிழை விட்டிருப்பார். செடிக்குத் தண்ணீர் விடாமல் விட்டிருப்பார். அதற்காகப் பிள்ளையைக் கூப்பிடமாட்டார்கள். எனக்குத் தண்டனை தாருங்கள். எவ்வளவு பெரியதென்றாலும் தாருங்கள். இந்தக் கடிதத்தை நான் தரமாட்டேன். துரத்துவதென்றால் நீங்கள் எழுதித் துரத்த வேண்டும். காரணத்தையும் நீங்களே எழுத வேண்டும். முறிந்த கையோடு வீட்டில் கிடக்காமல் தரையைத் துடைப்பித்தாள் என்று."

அவள் இத்தாலியில் இவ்வளவு நீளமாக ஒருபோதும் பேசியதில்லை. வினைச்சொற்கள் பல பிழை. ஆரும் திருத்தவில்லை.

தொத்தோரெஸ்ஸா தாளை எடுத்து மடித்து இழுப்பறையில் வைத்தாள். முடிவைத் தபாலில் அறிவிப்பதாகச் சொன்னாள்.

வெளியே வந்து கிளறா சிகரெட் பற்றவைத்தாள்.

*

பத்து நாள் சம்பளமில்லாமல் நிறுத்தம். இனி ஒரு தரம் நடந்தால் நீக்கம். றமேஸ் ரெலிபோனில் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"அப்ப வேலை இருக்கோ?"

"இருக்கு அண்ணி."

"பிள்ளைக்கு?"

"நீங்கள் இன்னும் அவையின்ர ஆள்தானே. இருக்கு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நான் எழுதிக் குடுக்கச் சொன்னனான்."

"சாப்பிட்டியோ?" என்று செலஸ்ரீனா கேட்டாள்.

நிறுத்தம் தொடங்கிய கிழமை தெற்கிலிருந்து சிறொக்கோ அடித்தது. வெக்கைக் காற்று. மூன்றாம் நாள் மழை வந்தது. மழையோடு பாலைவனத்து மண்ணும் வந்தது. கார்கள், கொடியில் கிடந்த உடுப்புகள், பலகணிகள் எல்லாம் சிவப்புச் சேறு. யோசேப் சியாகுல்லியிலிருந்து சிவந்த தலையோடு வந்தான். மந்தரீன் இலைகளும் சிவந்துவிட்டன என்றான்.

பவளராணி வந்து பலகணியைக் கழுவினாள். கழுவிக்கொண்டே சொன்னாள்.

"உங்கட மூண்டாம் மாடியை நினைச்சுப் பாருங்கோ அக்கா. அந்தச் சன்னல் ஒண்டும் வடிவாப் பூட்டாது. எல்லாம் உள்ளுக்கை வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"ஆர் கூட்டுறது?"

"தெரியாது."

"நான் வேணுமெண்டால் ஒருக்காப் போய்..."

செலஸ்ரீனா திரும்பிப் பார்த்த பார்வையில் பவளராணி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

செலஸ்ரீனா பலகணியில் இருந்தாள். வேலைநாளில் அவள் இப்படி இருந்ததில்லை. அந்த வகுப்பறைகள் ஒவ்வொன்றும், சன்னல் விளிம்பு, கதிரைக் கால்கள், எல்லாம் கண்ணில் வந்தன. எழும்பிப் போகவேண்டும்போல் இருந்தது. கதிரையின் கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு இருந்தாள். வலக்கைப் பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். சின்னவிரல் எட்டியது.

நிறுத்தம் முடிந்தது. கட்டு வெட்டும்வரை மலத்தியா. அதையும் முழுதாக எடுத்தாள், ஒரு நாளும் குறைக்காமல்.

வேலைக்குப் போன அன்று வெளியே இன்னும் இருட்டு. அட்டையைப் பெட்டியில் காட்டினாள். கதவு திறந்தது. கட்டுக்குள் கிடந்த கை வெளிறி, மெலிந்திருந்தது. வாளியை அரைவாசிதான் நிரப்பினாள். தண்ணீருக்கு இரண்டு தரம் நடந்தால் போகிறது.

மூன்றாம் மாடியை யாரோ கூட்டியிருந்தார்கள். நடுவை மட்டும் கூட்டியிருந்தார்கள். மூலைகளிலும் சன்னல் விளிம்புகளிலும் சிவப்பு மண் அப்படியே கிடந்தது. பலகை நிறையக் கணக்கு. மூலையில் இரண்டு கோடு. அதைத் தொடவில்லை. கீழே இருந்த சோக்குத் தட்டைக் கழற்றிக் கழுவினாள்.

பிறகு சன்னலோர மேசைக்கு வந்தாள். ஒரு தரம் துடைத்தாள். துணி சிவந்தது. அலசிப் பிழிந்தாள், மணிக்கட்டு நொந்தது. இன்னொரு தரம் துடைத்தாள்.